கொளஞ்சியம்மாளுக்குப் போயிருக்க வேண்டிய கடிதங்கள்

டர்பன்
20 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி தனசேகரனுக்கு,

முகம் பார்த்திராத உங்கள் அக்கா அமிர்தம் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீங்களும் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தைந்து. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. தமிழை அப்பாவிடமும் சனிக்கிழமைப் பாடசாலையிலும் கற்றேன். சரளமாகப் பேச வராது, எழுத வரும். காதும் மந்தம் என்பதால் தொலைபேசி வேண்டாம், கடிதமே போதும் என்று ஆணையத்தாரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் மாநிலத்தின் அயலக உறவு ஆணையத்தார் சென்ற ஆண்டு இங்கே வந்திருந்தார்கள். வணிகம் பேச வந்தவர்கள், கூடவே, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஊரில் உள்ள உறவைத் தேடித் தருவோம் என்றார்கள். கப்பல் பதிவேட்டில் இருந்ததை எழுதிக் கொடுத்தேன். முனியன், வயது 19, தகப்பன் பெயர் இருசப்பன், ஊர் மணலூர்பேட்டை, ஆண்டு 1902. முனியன் என் தாத்தா. இருசப்பன் என்பதே இங்கே எங்கள் குடும்பப் பெயராகிவிட்டது.

போன திங்கட்கிழமை பதில் வந்தது. தாத்தாவின் தம்பி வழிப் பேரன் கிடைத்துவிட்டார் என்று உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன. வாசல் கதவருகே நின்றபடியே படித்தேன். உள்ளே போய் மறுபடியும் படித்தேன்.

நீங்கள் எங்களவர்தானா தம்பி? ஒரு வரி எழுதினாலும் போதும்.

அன்புடன்,
அமிர்தம் இருசப்பன்


மணலூர்பேட்டை
16 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் காதுக்கு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள்.

ஆமாம் அக்கா, நாங்கள்தான். ஆணையத்திலிருந்து வந்தவர் தெருவில் நின்று பெயரை வாசித்தார். உங்கள் தாத்தாவின் தம்பி பெயர் சின்னப்பன். அவர் இங்கேயே இருந்து, இங்கேயே காலமானவர்.

எனக்கு அறுபத்தொரு வயது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. கார்த்திகையில் பெண்ணையாறு கரை மீறி வந்ததில் நெல் போய்விட்டது. ஆனாலும் தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குச் சனம் குறையவில்லை.

ஒரு நல்ல சேதி. என் ஒரே மகள் தனுஷா பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஆணையத்தின் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் உறவுக் குடும்பத்தாருக்கு முன்னுரிமை என்று அவளை எடுத்துக்கொண்டார்கள். உங்களால் வந்தது அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தனசேகரன்


டர்பன்
23 மார்ச் 2025

என் அருமைத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வெள்ளத்தில் நெல் போனதைப் படித்து வருந்தினேன். தனுஷாவுக்கு என் ஆசிகள்.

இத்தனை ஆண்டுகளாக நான் சுமந்துகொண்டிருக்கும் ஒரு செய்தியை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

தாத்தா இறந்தபோது எனக்கு எட்டு வயது. கடைசி மாதங்களில் அவருடைய கட்டிலருகே இருந்தவள் நான். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவருடைய தம்பிக்குப் பத்து வயதாம். ஆற்றின் நடுவில் மணல்திட்டு வரை கூடவே ஓடி வந்தானாம். ஐந்து வருஷத்தில் வந்துவிடுகிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் புதிது புதிதாய் வரி போட்டார்கள். அந்த வரிக்கடனைத் தீர்க்க மறுபடி தோட்டத்திலேயே கட்டுப்பட்டார். பிறகு கல்யாணம், பிள்ளைகள். ஊர் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

"சின்னப்பன் வீட்டார் யாரையாவது நீ பார்த்தால் சொல், வர முடியவில்லை, மறக்கவில்லை" என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின. இன்று சொல்லிவிட்டேன் தம்பி. நெஞ்சு லேசாக இருக்கிறது.

அவர்களுடைய வீடு எங்கே இருந்தது? சின்னப்பன் வழியில் உங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா?

உங்கள் நலமே நாடும்
அக்கா அமிர்தம்


மணலூர்பேட்டை
27 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வெயில் இப்போதே தாங்க முடியவில்லை. மற்றபடி சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோரும் கேட்கப் படித்தேன். தனுஷா அழுதாள்.

வீடு ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதையில், ஒரு புங்கமரத்தை ஒட்டி இருந்தது. கூரை வீடு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இப்போது வீடு இல்லை. அந்த இடத்தில் கரும்பு நிற்கிறது.

தனுஷாவுக்கு அலைச்சல் ஜாஸ்தி. அடுத்த மாதம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிறாள். அங்கே பெண்கள் குழு ஒன்று சாமை குத்திப் பொட்டலம் போடுகிறது. அதை வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்ப ஆணையம் ஏற்பாடு செய்கிறதாம். உங்கள் ஊருக்கும் வருமாம்.

வேறொன்றும் விசேஷம் இல்லை.

தம்பி,
தனசேகரன்


டர்பன்
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே குளிர்காலம். முழங்கால் வலி தவிரக் குறை எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் அனைவரும் நலமா?

நேற்று ஆணையத்தின் கண்காட்சி நகர மண்டபத்தில் நடந்தது. மேடையில் நடனம், கீழே கடைகள். எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, ஒரு பழுப்புப் பொட்டலத்தின் முன் நின்றுவிட்டேன். "சாமை, வெள்ளிமலை, கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்" என்று தமிழில் அச்சிட்டிருந்தது. உங்கள் கடிதத்தில் படித்த ஊர்! விற்பனைக்கு நின்ற பெண்ணிடம், இது என் ஊர்ப் பக்கம் என்று சொன்னேன். அப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

இன்று காலை கஞ்சி வைத்துக் குடித்தேன். ஒரு கல்கூட இல்லை. யாரோ மிகுந்த பொறுமையோடு புடைத்திருக்கிறார்கள்.

டிசம்பரில் வருகிறேன். மருத்துவர் சம்மதித்துவிட்டார். தங்கும் விடுதி வேண்டாம், உங்கள் வீட்டில் ஒரு பாய் போதும். என் கூடப்பிறந்த தம்பியும் இறந்துபோன பிறகு எனக்கு இரத்த உறவு என்று இருப்பது நீங்கள்தான். வேறு யாராவது உண்டா என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்.

அன்பு மறவாத
அக்கா


மணலூர்பேட்டை
31 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாள் காய்ச்சல். பிறகு கரும்பு வேலை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பாருங்கள்.

டிசம்பரில் இங்கே மழைக்காலம். போன வருஷம் எப்படி இருந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஊரே தண்ணீரில் நின்றது. இந்த வயதில் உங்களை அப்படி வரச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம். வீடும் சின்ன வீடு. உங்களுக்கு வசதிப்படாது.

தனுஷா நன்றாக இருக்கிறாள். வேலை அதிகம். வீட்டில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தனசேகரன்


டர்பன்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுதும் குணமாயிற்றா? மனம் அதிலேயே இருக்கிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் நான். எழுதுகிறவர் எந்த இடத்தில் பேனாவை எடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இம்முறை "தம்பி" என்று கையெழுத்தும் இல்லை.

நான் வருவது உங்களுக்குப் பாரமென்றால் சொல்லிவிடுங்கள். வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். டிசம்பர் பதினான்கு.

எப்போதும்போல் அன்புடன்,
அமிர்தம்


மணலூர்பேட்டை
2 நவம்பர் 2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மட்டும், வழக்கம்போல் ஆணைய அலுவலகத்தின் கடிதப் பையில் போடாமல், நேரே தபாலில் போடுகிறேன். உங்களை அக்கா என்று அழைக்க எனக்கு உரிமை இல்லை. வேறெப்படி அழைப்பது என்றும் தெரியவில்லை.

நான் சின்னப்பன் பேரன் இல்லை. இருசப்பன் குடும்பம் எங்கள் நிலத்தில் கூலிவேலை செய்த குடும்பம். அவர்கள் வீடு இருந்த இடத்தில் கரும்பு நிற்கிறது என்று எழுதினேனே, அந்தக் கரும்பு என்னுடையது. என் தகப்பனார் காலத்தில் அது எங்கள் கைக்கு வந்தது.

சின்னப்பனுக்குப் பேத்தி ஒருத்தி இருந்தாள். பெயர் கொளஞ்சியம்மாள். நாற்பது வருஷத்துக்கு முன்பு, மலைக்கு ரோடு போடும் வேலைக்குப் புருஷனோடு போனவள் ஊர் திரும்பவில்லை. ஆணையத்துக்காரர் தெருவில் பெயரை வாசித்தபோதே அது யார் வீட்டுப் பெயர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் செத்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். தனுஷா வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். "எங்க குடும்பந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பத்தை எங்கள் வாசற்படி ஏறவிட்டதில்லை நாங்கள். மகள் வேலைக்காக அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் வெள்ளிமலைக்குப் போன தனுஷா திரும்பி வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"மலைல கொளஞ்சியம்மான்னு ஒருத்தவங்க கீறாங்கப்பா. சாமை பொடைக்கிறவங்க. அவங்க தாத்தாவோட அண்ணன் மணலூர்பேட்டைலருந்து கப்பலுக்குப் போனாராம். பேரு முனியனாம். அப்ப நாம யாருப்பா?"

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவள் என்னிடம் சரியாகப் பேசுவதை அன்றைக்கு நிறுத்தியதுதான்.

ஆடி மாதம் நானே மலைக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இத்தனை வருஷம் கழித்தும் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மேட்டு வூட்டு தனசேகரு தான நீ? இன்னா இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, என்னை உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். மூச்சிரைக்க இரைக்கப் பேசினாள். நான் கை கழுவும்போது கேட்டாள்.

"உம்பொண்ணு அந்தக் கப்பல்காரங்கள தேட்ற ஆபீஸ்லதான கீது? எங்க பெரிய தாத்தா வூட்டுல யாருனா கீறாங்களான்னு பாக்கச் சொல்லேன். எனக்குன்னு ஒருத்தரும் இல்ல."

"கேக்கறேன்" என்றேன். உங்கள் கடிதங்கள் என் வீட்டு அலமாரியில் இருந்தன. கேக்கறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அதன் பிறகுதான் மழைக்காலம், வரவேண்டாம் என்று உங்களுக்கு எழுதினேன்.

புரட்டாசிக் கடைசியில் அவளுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, குழுப் பெண்கள் ஜீப்பில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு நாள் இருந்தாள். தனுஷாதான் கூட இருந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லிவிட அவள் தவித்திருக்கிறாள். அதற்குள் கொளஞ்சியம்மாளுக்கு நினைவு தப்பிவிட்டது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு போய்விட்டாள்.

நீங்கள் என்னிடம் ஒப்படைத்த சேதியை நான் அவளிடம் கொடுக்கவில்லை. மலையில் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதும் கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதத்தான் முடிகிறது.

தனசேகரன்


டர்பன்
4 ஜனவரி 2026

திரு. தனசேகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நவம்பர் கடைசியில் கிடைத்தது. பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். நலம் விசாரித்துத் தொடங்கக் கை வரவில்லை.

அந்தச் சாமையில் இரண்டு கைப்பிடி மீதம் இருந்தது. அதைச் சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கொடுக்க வேண்டியவள் கொளஞ்சியம்மாள். என்னிடம் இல்லை.

அவள் எப்படி இருப்பாள், எதற்குச் சிரிப்பாள், எதைச் சாப்பிடப் பிடிக்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்க உங்களை விட்டால் ஆளில்லை. தெரிந்துகொண்டு எழுதுங்கள். உங்களைப் பற்றி எழுத வேண்டாம்.

அமிர்தம் இருசப்பன்


மணலூர்பேட்டை
1 பிப்ரவரி 2026

அம்மா,

வணக்கம். நீங்கள் சொன்னபடி வெள்ளிமலைக்குப் போய் இரண்டு நாள் இருந்து கேட்டு வந்தேன். குழுத் தலைவி ஜெயம்மாள் முதலில் என்னோடு பேச மறுத்தார். உங்களுக்காகக் கேட்கிறேன் என்றதும் உட்கார்ந்து சொன்னார்.

கொளஞ்சியம்மாள் குள்ளம். இடது காதுமடல் கிழிந்திருக்கும். ரோடு வேலை முடிந்த வருஷமே புருஷன் இறந்துவிட்டார். ஒரு பிள்ளை பிறந்து, நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டது. கீழே இறங்கி என்ன செய்வது என்று மலையிலேயே தங்கிவிட்டாள். காட்டு வேலை, களை பறிப்பு, கடைசியில் இந்தச் சாமை. முறத்தைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே கல்லைப் பிரித்துவிடுவாளாம்.

செருப்பு என்றால் உயிர். வெள்ளிமலைச் சந்தையில் புதுச் செருப்பு வாங்குவாள். மழை வந்தால் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வெறுங்காலில் நடப்பாள். பனங்கிழங்கு பிடிக்கும். மலையில் கிடைக்காது என்பதால் கீழே போகிற பஸ் டிரைவரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வாள்.

வானத்தில் விமானம் போனால் புடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாளாம். "எங்க வூட்டு ஆளுங்க போய்க்கினு கீறாங்க, எறங்கத்தான் எடமில்ல" என்று சொல்லிச் சிரிப்பாளாம். எல்லோரும் சிரிப்பார்களாம். ஜெயம்மாள் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அடக்கம் செய்த இடத்தைக் காட்டியது அவருடைய மருமகள். ஊருக்கு மேற்கே, கடுக்காய் மரங்களுக்குக் கீழே.

நீங்கள் வேண்டாம் என்றாலும் ஒன்றை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. ஆணைய அலுவலகத்துக்குப் போய், உறவுப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டுக் கொளஞ்சியம்மாள் பெயரை எழுதுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "இறந்தவங்க பேர எப்படிங்க சேக்கறது? நாப்பத்திமூணு குடும்பத்தச் சேத்து வெச்சோம்னு அறிக்கையே போயிடுச்சு" என்றார். வெளிநாட்டில் உள்ள உறவினர் விண்ணப்பித்தால் மட்டும் பார்க்கலாமாம். நான் அங்கே போய் உண்மையைச் சொன்னதற்கு முந்தின வாரமே தனுஷா தானாக வேலையை விட்டுவிட்டாள். இப்போது வெள்ளிமலையில் அந்தக் குழுவோடுதான் இருக்கிறாள்.

கொளஞ்சியம்மாள் படம் ஒன்று கிடைத்தது. குழு எடுத்த படம், பின்வரிசையில் மூன்றாவது ஆள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

தனசேகரன்


டர்பன்
1 மார்ச் 2026

திரு. தனசேகரன் அவர்களுக்கு,

படம் வந்து சேர்ந்தது. என் அப்பாவின் தாடை அவளுக்கு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

ஆணையத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். நான்கு பக்கப் படிவம். மூன்றாம் பக்கத்தில், தாயகத்தில் உள்ள உறவினர் உயிருடன் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அப்படியானால் இந்த இணைப்பினால் விண்ணப்பதாரர் எதிர்பார்க்கும் பயன் என்ன என்று அடுத்த கேள்வி. அவள் என் தங்கை, அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று எழுதினேன். ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு வண்டி பேசியாகிவிட்டது. மலைக்கு என்னை அழைத்துப் போக தனுஷா வருகிறாள். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பதிலும் வந்தது. அவள் எழுதும் தமிழ் நன்றாக இருக்கிறது.

மணலூர்பேட்டைக்கு வருவதாக இல்லை. நீங்களும் மலைக்கு வர வேண்டாம். உங்கள் மேல் கோபத்தினால் அல்ல. இருக்கப்போவது ஒரே ஒரு பகல். அதில் அவளோடு நான் மட்டும் இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமிர்தம் இருசப்பன்